பொட்டு வைக்காத குப்பிகள்

எனக்கு மூக்கு நுனியில் கோபம். இப்போது வயதாகிக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், குரோம்பேட்டையில் ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்த காலத்தில், அது உச்சத்தில் இருந்தது. லேபின் முதலாளி சாயங்காலம் வந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவதோடு சரி. பகல் முழுக்க அங்கே நான் வைத்ததுதான் சட்டம். சீட்டில் பெயரைத் தப்பாக எழுதி அனுப்பும் கம்பவுண்டரிலிருந்து, காபி குடித்துவிட்டு வெறும் வயிறு என்று சாதிக்கும் மாமாக்கள் வரை எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நான் மட்டும் தப்பே செய்ய மாட்டேன் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்போதெல்லாம் ரத்தம் பிடிக்க இன்றைக்குப் போலக் கலர் கலராக மூடி போட்ட குழாய்கள் எங்கள் லேபில் கிடையாது. ஆஸ்பத்திரிகளில் காலியான பெனிசிலின் குப்பிகளை வாங்கிக் கொதிக்கவைத்துக் கழுவி, உள்ளே மருந்துத் தண்ணீர் இரண்டு சொட்டு விட்டு, ஓவன் என்கிற அடுப்புப் பெட்டியில் காயவைப்போம். அடியில் வெள்ளையாக மாவு படிந்து நிற்கும். இரண்டு வகை. ஒன்று, ரத்த அணுக்களை எண்ணுவதற்கு. அதிலுள்ள மருந்து ரத்தத்தை உறையவிடாது, அவ்வளவுதான். இன்னொன்று சர்க்கரைக்கு. ரத்தத்தில் உயிரோடிருக்கும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், நேரமானால் கணக்குக் குறைந்துவிடும் என்பதால், அந்தக் குப்பியில் அணுக்களை முடக்கிப்போடும் விஷமும் சேர்ந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆகவே சர்க்கரைக் குப்பியின் மூடியில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். அது என் சொந்த ஏற்பாடு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஒருநாள் காலை பதினோரு மணிக்கு மாட்டாஸ்பத்திரி டாக்டர் உள்ளே வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருப்பார். கையில் ஈரத்துணி சுற்றிய ஒரு பாட்டில், அது நிறைய ரத்தம்.

"மேடம், இதைக் கொஞ்சம் உங்க மெஷின்ல சுத்தித் தர முடியுமா? மேல நிக்கிற மஞ்சத் தண்ணி மட்டும் வேணும்."

"யாரோட ரத்தம்?"

"ஒரு குதிரையோடது."

"இது மனுஷங்க லேப், டாக்டர். நாளைக்கு ஆட்டு ரத்தம் கொண்டு வருவீங்க, பொரிச்சும் தரணுமா?" என்றேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். கல்யாணங்களில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகும் பெண் குதிரை. ஊர்வலத்தில் யாரோ காலடியில் சரவெடியைக் கொளுத்திப் போட, மிரண்டு பின்வாங்கி, ஜெனரேட்டர் வண்டியின் தகரத்தில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. முழங்காலுக்குக் கீழே தசை கிடையாது, தோலும் நரம்பும் எலும்பும்தான்; குதிரைக்கு அந்த இடத்தில் புண் வந்தால் லேசில் மூடாது. ஒரு மாதமாகப் போடாத மருந்தில்லை. தான் படித்த கால்நடைக் கல்லூரி நூலகத்தில் ஒரு பத்திரிகையில் பார்த்தாராம்: அதே பிராணியின் ரத்தத்திலிருந்து மஞ்சள் நீரைப் பிரித்து, கால்சியம் சேர்த்து, ஜெல்லி மாதிரி உறையவைத்துப் புண்ணில் அப்பினால் தோல் வளர்கிறது என்று. ரத்தத்தை உறையவைக்கிற சின்னச் சின்னத் துணுக்குகள்தான் புண்ணை ஆற்றும் வேலையையும் தொடங்கிவைக்கின்றன.

"எனக்கே பாதி நம்பிக்கைதான். ஆனா வேற வழியில்ல. நரம்பு வரைக்கும் அழுகிடுச்சுன்னா ஊசி போட்டுத் தூங்க வைக்கணும். மூணு கால்ல குதிரை வாழாது."

மெஷினைப் போடப் போனேன், கரண்ட் போய்விட்டது. குரோம்பேட்டையில் அது ஒன்றும் அதிசயமில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். அரைமணி கழித்துப் பாட்டிலைப் பார்த்தால், சிவப்பு தானாகக் கீழே இறங்கி, மேலே தேன் நிறத்தில் தெளிவாக நின்றது. மனித ரத்தம் இத்தனை சீக்கிரம் இறங்கி நான் பார்த்ததில்லை. குதிரை ரத்தம் அப்படித்தானாம். டாக்டர் படித்திருந்தும் மறந்துவிட்டாராம். "அப்போ மெஷினே வேண்டாமே!" என்று சின்னப் பிள்ளை போலச் சிரித்தார். எனக்கு ஏனோ சுருக்கென்றது.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரோடு நானும் போனேன். ராதாநகர் ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரு காலி மனையில் தகரக் கொட்டகை. குதிரைக்குச் சொந்தக்காரி நாற்பது வயதுப் பெண்மணி. புருஷன் இறந்தபின் குதிரையைத் தானே பிடித்துக்கொண்டு ஊர்வலத்துக்கும், ஞாயிற்றுக்கிழமைகளில் கோவளம் கடற்கரைக்கும் போகிறவர். எல்லோருக்கும் குதிரைக்கார அக்கா. குட்டியாக வாங்கி, தன் கையாலேயே தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த குதிரை. நாங்கள் போனபோதும் அவர் உள்ளங்கை அதன் கழுத்தில்தான் இருந்தது, எடுக்கவே இல்லை.

கட்டைப் பிரித்ததும் நான் ஒரு நிமிடம் வேறு பக்கம் பார்த்தேன். தினமும் ரத்தத்தில் புழங்குகிறவள்தான், இருந்தும் அந்தப் புண் என்னைக் கலக்கிவிட்டது. உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை. நடுவில் நரம்பு வெள்ளையாகத் தெரிந்தது.

"பொயைக்குமா டாக்டர்? நெசத்த சொல்லு. அடிமாட்டுக்காரன் தெனம் வந்து எட்டிப் பாத்துக்கினு போறான்" என்றார் அக்கா.

"பாக்கலாம்மா. நான் சொல்றதத் தவிர வேற எதையும் புண்ணுல வைக்காம இருந்தாப் போதும்."

டாக்டர் மஞ்சள் நீரில் கால்சியம் ஊசி மருந்தைக் கலந்து கிண்ணத்தை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது நிமிடம் அது கெட்டிப்பட்டு ஆடியது. அதை எடுத்துப் புண்ணின் மேல் போட்டுக் கட்டினார். நான்கு நாளுக்கு ஒருமுறை என்று கணக்கு. ரத்தத்தை உறையவிடாத மருந்து போட்ட பாட்டில் அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். இனி ரத்தம் பிடிக்க என் லேபின் குப்பிகள், ஒரு தடவைக்குப் பன்னிரண்டு. அணு எண்ணும் வகைதான், சர்க்கரைக் குப்பி கூடவே கூடாது என்று நானே அவருக்கு வகுப்பெடுத்தேன்.

இரண்டு தடவை போட்டதில் புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக மாறியது. சுற்றிலும் புதுத்தோல் மெல்லிய கோடாக உள்ளே நகர்ந்திருந்தது. வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் பெருங்களத்தூர் வரை நான் சிரித்துக்கொண்டே போனது நினைவிருக்கிறது. ஆனால் மனதின் இன்னொரு மூலையில் ஒரு எரிச்சலும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். என் மெஷின் வேண்டாம், என் படிப்பு வேண்டாம். நான் வெறும் குப்பி கழுவித் தருகிறவளாகிவிட்டேன். டாக்டர் வாசலில் நின்று குப்பியை வாங்கிக்கொண்டு "தேங்க்ஸ் மேடம்" என்று ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டார். அந்த எரிச்சல் கையிலும் இறங்கியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

மூன்றாவது தடவைக்கு முந்தின சாயங்காலம். நெயில் பாலிஷ் தீர்ந்துபோயிருந்தது. கடைக்குப் போனால் ரயிலை விட்டுவிடுவேன். பொட்டு வைக்காமலே இரண்டு தட்டுக் குப்பிகளை அடுப்புப் பெட்டியில் வைத்தேன். மேல்தட்டு சர்க்கரை, கீழ்த்தட்டு அணு எண்ண. மனதில் மூன்று தடவை சொல்லிக்கொண்டேன். என் ஞாபகசக்தி என்ன சாமானியமா!

காலையில் வந்து பெட்டியைத் திறந்தேன். மேல்தட்டை முதலில் எடுத்து மேசையில் வைத்தேன். அடுத்துக் கீழ்த்தட்டை எடுத்து அதன் தலைமேல் வைத்தேன். எடுத்து அடுக்கினால் மேலே இருந்தது கீழே போய்விடும் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். டாக்டர் வாசலில் ஹாரன் அடித்தார். "கீழ்த்தட்டு" என்று என் வாயே சொல்ல, கீழே இருந்த தட்டை அப்படியே தூக்கிக் கொடுத்தேன்.

அன்று ஜெல்லி உறையவில்லை. கால்சியம் விட்டதும் பால் போல வெளுத்து, அடியில் மணல் மாதிரி ஏதோ படிந்ததாம். டாக்டர் மதியம் போன் பண்ணினார். "கால்சியம் பழசு போல, மேடம். வீணாக்க வேண்டாம்னு துணியில நனைச்சுக் கட்டிட்டேன். மிச்சத்தை ஒரு பாட்டில்ல ஊத்தி அந்த அம்மாகிட்ட கொடுத்திருக்கேன், தினம் ஒருவேளை நனைச்சுக் கட்டச் சொல்லி." அவருக்குக் கேளம்பாக்கம் பக்கம் மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம், மூன்று நாள் வர மாட்டார். நான் "சரி" என்று போனை வைத்துவிட்டேன். ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும், கால்சியத்தோடு சேர்ந்து அப்படி வெளுத்து மணலாவது சர்க்கரைக் குப்பியின் மருந்துதான் என்று தெரிந்திருக்கும். யோசிக்கவில்லை.

நான்காம் நாள், ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் ரிப்போர்ட்டோடு துள்ளிக்கொண்டு வந்தார். "பாத்தியாம்மா, சர்க்கரை எப்படி எறங்கிருக்கு! இன்னைக்கு மைசூர்பாக்தான்!" மாதாமாதம் முந்நூறுக்குக் குறையாத மனுஷர். வாங்கிப் பார்த்தேன், நான் என் கையால் எழுதிய எண்தான். முந்தின நாள் வந்த இன்னொரு அம்மாவுக்கும் இப்படித்தான் குறைந்திருந்தது. சர்க்கரையை யாரோ தின்றிருக்கிறார்கள். குப்பிக்குள் அணுக்கள் உயிரோடு இருந்திருக்கின்றன. அப்படியென்றால் இங்கே மேசையில் மிஞ்சியது அணு எண்ணும் குப்பி. அப்படியென்றால் குதிரைக்குப் போனது?

 புண்ணில் உயிரோடு வேலை செய்ய வேண்டிய துணுக்குகளைக் கொல்லும் குப்பியில் ரத்தத்தைப் பிடித்து, அந்த விஷத்தையும் சேர்த்து, மூன்று நாளாகத் துணியில் நனைத்து அந்தக் காலில் கட்டியிருக்கிறார்கள். கார்டுக்கு மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி உட்காரவைத்து, சரியான குப்பியில் பிடித்துவிட்டு, லேபைப் பூட்டிக்கொண்டு ஓடினேன். ராதாநகர் கேட் மூடியிருந்தது. சென்னைக் கடற்கரை ஸ்டேஷனுக்குப் போகும் மின்சார ரயில் ஆடி அசைந்து வந்தது. அதன் ஒவ்வொரு பெட்டியையும் நான் திட்டினேன்.

டாக்டரின் ஸ்கூட்டர் கொட்டகை வாசலில் ஏற்கெனவே நின்றது. அவர் சத்தம் வெளியே கேட்டது.

"என்னம்மா தடவின? உண்மையச் சொல்லு!"

புண் கறுத்துக் கிடந்தது. போன வாரம் பார்த்த இளஞ்சிவப்புக் கோட்டைக் காணோம். குதிரை அந்தக் காலைத் தரையில் ஊன்றவே இல்லை.

"ஈ மொய்ச்சிக்கினே இருந்துச்சு சார். புண்ணுல வெக்கல. சுத்தி ஓரத்துல மட்டும் வேப்பெண்ண தட்னேன். ஒரே ஒரு தபா." அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே, நான் சொல்றதத் தவிர எதையும் வைக்காதேன்னு! நாலு நாள்ல எல்லாத்தையும் கெடுத்துட்டியே. இன்னும் ரெண்டு நாள் பாப்போம். நரம்பு கறுத்துச்சுன்னா என்கிட்ட வேற வைத்தியம் இல்ல."

அக்கா வலது கையால் தன் தலையில் அடித்துக்கொண்டார். ஒருமுறை இல்லை, பலமுறை. "என் கையாலேயே அயிச்சிட்டேனே, என் கையாலேயே" என்று. என் வாய் திறக்கவில்லை. நீளமான வாய், ஊரையே வாங்கும் வாய், அன்றைக்குப் பசை போட்டு ஒட்டினாற்போல் இருந்தது. சொன்னால் டாக்டர் என்ன நினைப்பார், முதலாளி காதுக்குப் போனால் வேலை என்னாகும் என்றெல்லாம் அந்தச் சில நொடிகளில் கணக்குப் போட்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் போட்டேன்.

டாக்டர் மூலையிலிருந்த பாட்டிலைக் காட்டினார். "கழுவிட்டு அந்த மருந்தையே திரும்பக் கட்டு. எண்ணெய்ப் பக்கமே போகாதே."

அந்த மருந்து. பாட்டிலில் இன்னும் கால்வாசி இருந்தது. அக்கா அதை எடுத்துத் துணியில் சாய்க்கப் போனார்.

"குடுங்கக்கா, பாக்கறேன்" என்று வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதுபோல் பார்த்து, கையை விட்டேன். செங்கல்லில் விழுந்து சிதறியது.

"அய்யய்யோ! அவ கய்த்துலேந்து எடுத்த ரத்தம்மா அது!" என்று அக்கா அலறினார். டாக்டர் என்னை முறைத்தார். "கை வழுக்கிடுச்சு. சாரி டாக்டர். நாளைக்குப் புதுசா குப்பி தரேன், புதுக் கால்சியமும் வாங்கிடுங்க" என்றேன்.  புண்ணை உப்புத்தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொன்னேன், நானே குந்தியிருந்து மூன்று பாட்டில் ஊற்றிக் கழுவினேன். குதிரை என் தோளில் மூச்சு விட்டது.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் குப்பிகளைக் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜெல்லி உறைந்தது. இரண்டாம் நாள் கட்டைப் பிரிக்கும்போது டாக்டர் ஊசி மருந்துப் பெட்டியையும் கூடவே கொண்டுவந்திருந்தார். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். டாக்டர் கறுத்த சதையைச் சுரண்டி எடுத்தார். உள்ளே நரம்பு வெள்ளையாகவே இருந்தது. "பொழைச்சுது" என்றார். பெட்டி திறக்கப்படவே இல்லை.

அதன்பிறகு ஒன்றரை மாதத்தில் புண் மூடிவிட்டது. கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா குதிரையைத் தொடுவதே இல்லை. கயிற்றின் கடைசி முனையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பார். தேய்த்துக் குளிப்பாட்டப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறார். கட்டு மாற்ற டாக்டர் வராத நாளில் லேபுக்கே வந்து என்னைக் கூட்டிப்போவார். கேட்கிறவர்களிடமெல்லாம், "நானே கொல்லப் பாத்தேன், இந்தப் பாப்பாதான் காப்பாத்துச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் அதைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன். அதைவிட யாராவது என்னை அறைந்திருக்கலாம்.

கடைசிக் கட்டைப் பிரிக்கும் நாள். டாக்டர் இல்லை, நாங்கள் இருவர்தான். "நீயே அவுத்துடும்மா. உன் கை ராசி. என் கை ஆவாது" என்றார் அக்கா.

துணியைப் பாதி அவிழ்த்தவள் நிறுத்திவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். நெயில் பாலிஷ் தீர்ந்தது, தட்டு மாறியது, விஷம், பாட்டிலை வேண்டுமென்றே போட்டு உடைத்தது. நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லாமல் குதிரையின் குளம்பிடம் சொன்னேன்.

அக்கா கயிற்றின் முனையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"அப்போ எண்ண ஒண்ணும் பண்ல?"

"பண்ணலக்கா."

"நான் ஒண்ணும் பண்ல?"

"நீங்க ஒண்ணுமே பண்ணல."

கயிற்றை விட்டுவிட்டு வந்து என்னை ஒரு தள்ளு தள்ளினார். உட்கார்ந்த இடத்திலிருந்து மண்ணில் சாய்ந்தேன். மிச்சத் துணியை அவரே அவிழ்த்து எறிந்துவிட்டு, மூடின புண்ணின் மேல் உள்ளங்கையை வைத்தார். புதுத்தோல் முடியில்லாமல் பளபளவென்றிருந்தது. அவர் தோள் குலுங்கியது. குதிரை திரும்பி அவர் தலைமயிரை மோந்து பார்த்தது.

பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்திரி" என்றார். "டாக்டரு நோட்டுல எய்துறாரே, என்னப் பத்தி இன்னா எய்திக்கீறாரு?"

எனக்குத் தெரியும். காலேஜுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒவ்வொரு நாளையும் எழுதிவைத்திருந்தார். நான் பார்த்திருக்கிறேன்.

"நட" என்றார்.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றோம். அப்புறம் நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். அவர் மேசையில் உட்கார்ந்து கேட்டார். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. "பால் மாதிரி வெளுத்தப்பவே நான் கேட்டிருக்கணும்" என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார். "கால்சியம் மேல பழியப் போட்டுட்டேன்."

"நோட்ட எடு சார்" என்றார் அக்கா.

எடுத்தார். "இன்னா எய்திக்கீற, படி."

இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னார், குரல் இறங்கித்தான் வந்தது. சொல்லியும் கேளாமல் உரிமையாளர் வேப்பெண்ணெய் தடவியதால் புண் கெட்டது.

"அத அடி."

அடித்தார். அக்கா குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தார். நோட்டை என் பக்கம் நகர்த்தினார். "நீ எய்து. தமிழ்ல எய்து."

"உங்களுக்குத் தமிழ் படிக்கத்..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"தெர்யாது. எய்தட்டும்."

எழுதினேன். மூன்றாம் தடவை லேபில் நான் சர்க்கரைக் குப்பியை மாற்றிக் கொடுத்துவிட்டேன், அதனால் புண் கெட்டது, உரிமையாளர் மேல் எந்தத் தப்பும் இல்லை. "அவரு பாத்தும் கேக்கலன்னாரே, அதயும் எய்து" என்றார் அக்கா. டாக்டர் தலையசைத்தார். அதையும் எழுதிக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

"படி."

படித்தேன்.

அக்கா தன் வலது உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இன்னொரு தபா படி" என்றார்.

நான் இன்னொரு முறை படித்தேன்.